வாப்பாவுக்கு விளங்குகிறது

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை நோய் விசாரிக்க, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஊரே திரண்டு வரும். ஸலாம் சொன்னால் அவர் தெளிவாகப் பதில் சொல்வார். பாத்திஹா ஸூராவைப் பிசகில்லாமல் ஓதுவார். ஆனால் தேத்தண்ணி வேண்டுமென்று கேட்க வாய் வராது, மூத்த மகளின் பெயரும் வராது. வந்தவர்களில் ஒருவர் மனைவியிடம் கேட்பார்: "ராத்தா, நாங்க பேசுறது இவருக்கு விளங்குதா?" கட்டிலில் இருப்பவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்குப் பெயர் அபேசியா. மொழியை ஆளும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் பேச்சு, கேட்டு விளங்குதல், வாசிப்பு, எழுத்து எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவில் அடிபடும். உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் மூளையின் அதே இடப்பக்கம்தான்; வலக்கையும் வலக்காலும் விழுந்தவர்களிடம் இதைக் கூடுதலாகக் காண்பது அதனால்தான். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. சிலருக்கு ஒவ்வொரு சொல்லும் முக்கி முனகித்தான் வரும். வேறு சிலர் தடையில்லாமல் பேசுவார்கள், அதில் பொருள் இராது. பிறர் சொல்வதும் அவர்களுக்கு முழுதாகப் பிடிபடாது.

ஓத முடிகிறதே, பேச மட்டும் ஏன் முடியவில்லை? பிடிவாதமா? இந்தச் சந்தேகம் பல வீடுகளில் மனக்கசப்பாகிவிடுகிறது. சிறு வயதிலிருந்து மனனமாய் ஊறிய ஓதலும், ஸலாமும், 'ஒன்று, இரண்டு, மூன்று' என்ற எண் வரிசையும் தாமாகவே வாயில் வருபவை. புதிதாய் ஒரு வசனத்தைக் கட்டுவது வேறு வேலை. பேச்சிழந்த ஒருவர் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடியதையும் பிரார்த்தனை சொன்னதையும் சுவீடனில் ஒலோஃப் டாலின் என்பவர் 1745லேயே எழுதிவைத்திருக்கிறார்.

பேச்சு போனாலும் அறிவு இருக்கக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றின் பெயர்பெற்ற சாட்சியும் ஒரு நோயாளிதான். பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் இருந்த லெபோர்ன் என்பவரால் 'டான்' என்ற ஓரசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் சொல்ல முடியவில்லை. வலப்பக்கமும் செயலிழந்திருந்தது. 1861இல் மருத்துவர் போல் புரோக்கா, "இங்கே எத்தனை வருடமாய் இருக்கிறீர்?" என்று கேட்டபோது, அவர் இடக்கையை நான்கு தடவை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரியாகவே இருந்தது.

ஆகவே மாற வேண்டியது முதலில் கேட்பவர்தான். டிவியை நிறுத்துங்கள். பத்துப்பேர் சூழ்ந்திராமல் ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே உட்காருங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் குழையாமல், வழமையான குரலில் சின்ன வசனமாய்ப் பேசுங்கள். "என்ன வேணும் வாப்பா?" என்பது மிகக் கடினமான கேள்வி. பிளேன்டீயையும் பால் தேத்தண்ணியையும் முன்னால் வைத்து, "இதா வாப்பா, இதா?" என்று கேட்டால் கையே பதில் சொல்லிவிடும். 'இல்லை' என்று நினைத்து 'ஓம்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. அதனால், "பிளேன்டீதானே?" என்று இன்னொரு முறை கேட்டு, முகத்தையும் பாருங்கள். மருமகனை மகன் என்றால் திருத்த வேண்டாம், ஆள் விளங்கினால் போதும். பேரர்களின் படங்களையும் பள்ளிவாசல், கடை, மருந்துப் போத்தல் ஆகியவற்றின் படங்களையும் போனில் எடுத்து வைத்திருங்கள். எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பது. அவர் சொல்லைத் தேடும்போது வீட்டார் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் முயற்சியையே விட்டுவிடுவார்.

கத்தாரிலிருந்து மகன் அழைத்தால் வீடியோ அழைப்பே நல்லது. குரல் மட்டும் வரும்போது உதடும் முகமும் கையும் தரும் துணை இல்லாமல் போகிறது.

சுவீடன் கவிஞர் தொமாஸ் ட்ரான்ஸ்ட்ரோமர் 1990இல் பாரிசவாதத்தால் பேச்சைப் பெரும்பாலும் இழந்தார். மனைவி மோனிக்கா அவருடைய ஒலிகளையும் சைகைகளையும் விளங்கிப் பிறருக்குச் சொன்னார். கவிஞர் இடக்கையால் பியானோ வாசித்தார், மேலும் நூல்கள் வெளியிட்டார், 2011இல் நோபல் பரிசும் பெற்றார்.

தமிழில் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் தேவைக்குப் போதாது. ஆனாலும் கிளினிக்குக்குப் போகும்போது அவர்களிடம் அனுப்பும்படி ஒரு கடிதம் தரச்சொல்லி டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முதல் மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்றாலும், வருடங்கள் கழிந்த பிறகும் பயிற்சியால் சொற்கள் திரும்புவதுண்டு. இரண்டு வருடமாகிவிட்டது, இனி என்ன என்று அந்தக் கடிதத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.