நூறு நாள் மல்லன்

சீனத்தின் வடக்கு, கிழக்கு மாநிலங்களில் இலையுதிர்காலம் பல இன்பங்களுக்கு உரிய பருவமாகும். செவ்வந்திப் பூக்களைக் காணச் செல்வதும், முழுநிலவு நாளில் நிலவப்பம் பகிர்ந்து உண்பதும், கொழுத்த நன்னீர் நண்டுகளுக்காகக் காத்திருப்பதும் எல்லாருக்கும் பொதுவானவை. இவற்றோடு, வேறெந்த நாட்டிலும் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்திராத மற்றொரு பொழுதுபோக்கும் அங்கே உண்டு. இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட எட்டாத ஒரு பூச்சியை வயலில் பிடித்து, மண்சாடியில் வைத்து ஊட்டி வளர்த்து, குரலைக் கேட்டு, எடை பார்த்து, நிகரான மற்றொன்றோடு மோதவிடும் அந்த விளையாட்டை ‘இலையுதிர்காலக் களிப்பு’ என்றே சீனர்கள் அழைத்து வந்துள்ளனர். மரபான நாள்காட்டியில் ‘வெண்பனித்துளி’ என்னும் பருவநாள் பிறக்கும் செப்டம்பர் முதல் வாரத்தையொட்டித் தொடங்கும் இக்களிப்பு, குளிர்காலம் பிறப்பதாகக் கருதப்படும் நவம்பர் முதல் வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

களத்தில் இறங்கும் பூச்சி, தமிழ்நாட்டு வீடுகளின் சுவரிடுக்கிலிருந்து இரவெல்லாம் ஒலிக்கும் சுவர்க்கோழியின் உறவினம்தான். வெட்டுக்கிளிகளை உள்ளடக்கிய நேர்ச்சிறகிகள் என்னும் பெரும் வரிசையில் கிரிலிடே குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு, வெலாரிஃபிக்டோரஸ் மிக்காடோ என்பது அறிவியற்பெயர். கரும்பழுப்பு உடலும், பளபளக்கும் உருண்டைத் தலையும், உடலைவிட நீண்ட உணர்கொம்புகளும், தாவுவதற்கேற்பத் தடித்த பின்னங்கால்களும் கொண்ட இப்பூச்சி ஆண்டுக்கு ஒரே தலைமுறையைத்தான் காண்கிறது. இலையுதிர்காலத்தில் பெண் பூச்சி மண்ணுக்குள் இடும் முட்டைகள் உறைபனிக் காலம் முழுவதையும் மண்ணடியிலேயே கழித்துவிட்டு, குளிர் நீங்கி மண் சூடேறிய பிறகே பொரிகின்றன. சிறகில்லாத இளம்பூச்சிகள் கோடை முழுவதும் பலமுறை தோலுரித்து வளர்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் இறுதித் தோலைக் களைந்து முதிர்ச்சி அடைகின்றன. அதன்பின் அவற்றுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூறு நாள் வாழ்வே. விளையாட்டின் பருவத்தை விழாக் குழுவோ சமயச் சடங்கோ வகுக்கவில்லை. பூச்சியின் உடலியல்தான் வகுத்தது. சிறகு முளைக்கும்முன் அதற்குக் குரலும் இல்லை, போர்க்குணமும் இல்லை. குளிர் முற்றிய பிறகு அதற்கு உயிரே இல்லை.

குரல் என்று வழக்கில் சொல்லப்பட்டாலும், அந்த ஒலி தொண்டையிலிருந்து எழுவதில்லை. ஆண் பூச்சியின் தடித்த முன்சிறகுகளில் ஒன்றன் அடிப்பக்கத்து நரம்பொன்றில் நுண்ணிய பற்கள் வரிசையாக அமைந்துள்ளன. இதனை அரம் என்பர். மற்றொரு சிறகின் விளிம்பு கெட்டியான உரசியாகப் பயன்படுகிறது. சிறகுகளைச் சற்றே உயர்த்தி ஒன்றன்மேல் ஒன்றை இழுக்கும்போது, சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டுவது போல, உரசி அரத்தின் பற்களைத் தட்டிச் செல்கிறது. அந்த அதிர்வைச் சிறகிலுள்ள மெல்லிய சவ்வுப் பரப்புகள் பெருக்கி, பல சுவர்க்கோழி இனங்களில் நொடிக்கு நாலாயிரம் முதல் ஐயாயிரம் அதிர்வுகள் கொண்ட ஓரளவு தூய இசையொலியாக வெளியிடுகின்றன. தொலைவிலுள்ள பெண்ணை அழைப்பதற்கு ஒரு பாட்டும், அருகில் வந்த பெண்ணை இணங்கவைப்பதற்கு மற்றொரு பாட்டும், போட்டியாளனை மிரட்டுவதற்கு வேறொரு பாட்டும் உண்டு. கேட்கும் செவியோ தலையில் இல்லை. முன்னங்கால்களில், முழங்கால் மூட்டுக்குச் சற்றுக் கீழே செவிப்பறையாக அமைந்திருக்கிறது.

பூச்சியின் உடல் தனக்கென வெப்பத்தைக் காத்துக்கொள்ள வல்லதன்று என்பதால், சூழலின் வெப்பம் குறையக் குறையத் தசைகளின் இயக்கமும் பாட்டின் வேகமும் தளர்கின்றன. அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில், பூச்சியின் ஒலிகளை எண்ணியே காற்றின் வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று காட்டினார். எட்டு நொடிகளில் கேட்கும் ஒலிகளின் எண்ணிக்கையோடு ஐந்தைக் கூட்டினால் செல்சியஸ் அளவு தோராயமாகக் கிடைக்கும் என்பது அவருடைய வாய்பாட்டின் எளிய வடிவம். அது அமெரிக்க மரச் சுவர்க்கோழி ஒன்றுக்கே நன்கு பொருந்துகிறது. பிற இனங்களுக்கு எண்கள் மாறும், தத்துவம் மாறுவதில்லை. அக்டோபர் இரவுகளில் பூச்சியின் குரல் நிதானப்பட்டு ஒலிப்பதைச் சீனக் கவிஞர்கள் துயரத்தின் குறியாகக் கொண்டனர். வளர்ப்போரோ சாடியைச் சற்றுக் கதகதப்பான இடத்துக்கு மாற்றினர்.

களிப்பின் முதற்பகுதி வேட்டை. ஷான்தோங் மாநிலத்து நிங்யாங் வட்டாரம் போர்ப் பூச்சிகளுக்குப் பெயர்பெற்றது. ஆகஸ்ட் பிறந்ததும் ஷாங்காய், பெய்ஜிங், தியான்ஜின் போன்ற பெருநகரங்களிலிருந்து வாங்குவோர் அங்கே திரள்கின்றனர். உள்ளூர் உழவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் சோளக்கொல்லைகளிலும் அவரை வயல்களிலும் ஒலியைத் தொடர்ந்து சென்று, வலையால் மூடிப் பிடித்து, விடிவதற்குள் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். பெரும்பாலான பூச்சிகள் சில்லறைக் காசுக்குப் போகும். தேர்ந்த ஒன்றுக்கு ஓர் உழவரின் பல வார வருவாய் விலையாகக் கிடைப்பதும் உண்டு. வேண்டப்படுவது ஆண் மட்டுமே. பின்புறத்தில் உணர்வுறுப்புகளான இரண்டு வால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். அவற்றின் நடுவே முட்டையிடும் ஊசி போன்ற உறுப்பும் சேர்ந்து மூன்று வால்களாகத் தோன்றினால் பெண். சந்தை வழக்கில் ஆண்களை ‘இருவாலி’ என்றும் பெண்களை ‘முவ்வாலி’ என்றும் குறிக்கின்றனர்.

எந்த ஆணைத் தேர்வது என்பதற்குத் தனி இலக்கணமே இருக்கிறது. நிறத்தால் வகைபிரித்து, தலையின் வடிவம், தலையில் ஓடும் கோடுகள், கழுத்துப்பட்டையின் மெருகு, தாடையின் நிறம், காலின் நீளம் எனப் பலவற்றையும் நோக்கும் இந்த இலக்கணம் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சுவடிகளில் விரிந்து வந்திருக்கிறது. இதில் சரக்கும் உண்டு, சரடும் உண்டு. நிறத்துக்கு நிறம் வீரம் மாறும் என்பதை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும். பெரிய தலையும் அகன்ற தாடையும் வேண்டும் என்னும் விதியோ ஆய்வில் தேறியிருக்கிறது: வட அமெரிக்க வயல் சுவர்க்கோழிகளைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், உடலளவு ஒத்திருந்த ஆண்களுக்குள் தலையும் வாயுறுப்புகளும் பெரியவையே மிகுதியாக வென்றன. தாடைகளை இயக்கும் தசைகள் தலைக்குள் அடங்கியிருப்பதால், தலை பெருத்தால் பிடியும் இறுகும்.

வாங்கிய பூச்சியை வைக்கும் சாடி மெருகிடாத சாம்பல்நிறக் களிமண்ணால் ஆனது. அதன் சுவர் வெப்பத்தையும் ஈரத்தையும் மெல்ல வாங்கி மெல்ல விடுவதால், பகலுக்கும் இரவுக்கும் இடையே உள்ளிருக்கும் பூச்சி திடீர் மாற்றத்தை உணர்வதில்லை. பளபளப்பான தரையில் கால் வழுக்கி நகங்கள் சிதையும் என்பதால், சாடியின் அடியில் மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த தளம் ஒன்று இடப்படுகிறது. சில சொட்டு நீரே கொள்ளும் நீலப்பூ வேலைப்பாடுள்ள பீங்கான் கிண்ணம், பூச்சி ஒளிந்துகொள்ளவும் சாடி மாற்றும்போது கையால் தொடாமல் தூக்கவும் உதவும் சிறு கூண்டு, சோற்றுப்பருக்கை, அவித்த பயறு, இறால் துணுக்கு என ஓர் ஆளின் காலைப்பொழுதை விழுங்கக்கூடிய குடித்தனம் அது. மோதலுக்கு முன் சாடிக்குள் ஒரு முவ்வாலியையும் விடுவார்கள். பெண்ணோடு கூடியிருந்த ஆண் முனைப்பாகப் போரிடும் என்பது வளர்ப்போரின் நெடுங்கால அனுபவம்.

மோதல் மிகச் சுருக்கமானது. இரு பூச்சிகளையும் நுண்தராசில் நிறுத்தி, சம எடை என்று உறுதிசெய்த பிறகே களத்தில் இறக்குகின்றனர்; நடுவே தடுப்புப் பலகை நிற்கும். புல்லின் நுனியை நார்நாராகப் பிரித்தோ, எலியின் மீசைமயிரைக் குச்சியில் கட்டியோ செய்த தூரிகையால் உரிமையாளர் தம் பூச்சியின் வாலையும் தாடையையும் வருடுவார். எதிரியின் உணர்கொம்பு உரசுவதைப் போன்ற அந்தத் தொடுகையால் சினமேறிய பூச்சி தாடைகளை விரித்துப் பாட்டெழுப்பும்போது தடுப்பு தூக்கப்படுகிறது. முதலில் உணர்கொம்புகள் ஒன்றையொன்று அடித்துப் பார்க்கின்றன. அதில் எதுவும் பின்வாங்காவிட்டால் தாடைகள் விரிகின்றன. பிறகு தாடையோடு தாடை கோத்துக்கொள்கின்றன. முடிவில் மல்லர்களைப் போலவே ஒன்றையொன்று தூக்கிப் புரட்டுகின்றன. இந்தப் படிகளுள் எதிலும் ஒன்று விலகிவிடலாம். பல மோதல்கள் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடுகின்றன. காலிழப்பதும் தாடை முறிவதும் நேரலாம் என்றாலும் களத்திலேயே சாவது அரிது. வென்றது நின்ற இடத்திலேயே போர்ப்பாட்டை முழக்கும். தோற்றது சுவரோரமாக ஓடிப்போகும், வாய் திறக்காது.

இந்த விளையாட்டில் அறிவியலாளர்களை ஈர்த்தது வெற்றியைவிடத் தோல்வியே. ஒருமுறை தோற்ற பூச்சி அதன்பின் பல மணி நேரம் எந்த ஆணைக் கண்டாலும், தன்னைவிட இளைத்த ஒன்றைக் கண்டாலும்கூட, விலகி ஓடுகிறது. உடலில் காயம் இல்லை, வலு குறையவில்லை. நரம்பு மண்டலத்தில் ஏதோ ஒரு முடிவு பதிந்துவிடுகிறது. சீன வளர்ப்போர் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தனர்: தோற்ற பூச்சியை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் குலுக்கி, திரும்பத் திரும்ப மேலே எறிந்து பிடித்தால் போர்க்குணம் மீளும் என்றனர். கேட்பவருக்கு மூடநம்பிக்கை போலத் தோன்றும் இதனை ஜெர்மனியின் லைப்ட்ஸிக் நகரத்து ஆய்வாளர்கள் ஹோஃப்மனும் ஸ்டீவன்சனும் சோதித்து 2000இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியாவிலும் பரவலாக வாழும் இருபுள்ளிச் சுவர்க்கோழி. தோற்ற பூச்சிகளைக் காற்றோட்டத்தில் கட்டிவைத்துச் சிறிது நேரம் சிறகடிக்கவிட்டபோது, அவை மறுபடியும் போரிட முன்வந்தன. காலடியில் தரை இல்லாமற்போனால் பறத்தல் தூண்டப்படுவது பூச்சிகளில் நன்கறியப்பட்ட அனிச்சைச் செயல் என்பதால், மேலே எறியும் கைப்பழக்கத்துக்கும் இந்தச் சோதனைக்கும் உள்ள உறவு தெளிவாகிறது. முதுகெலும்பு விலங்குகளில் நார்அட்ரினலின் ஆற்றும் பணிக்கு ஒப்பானதைப் பூச்சிகளில் ஆற்றும் ஆக்டோபமைன் என்னும் வேதிப்பொருள் இதில் முக்கியப் பங்கு வகிப்பதாகத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. பறத்தலின்போது இப்பொருள் பெருகுகிறது, இது வற்றிய பூச்சிகளின் போர்க்குணமும் தணிந்துவிடுகிறது.

இத்தகைய நுண்மை ஒரே தலைமுறையில் திரண்டதன்று. தென் சோங் அரசின் தலைமை அமைச்சராக இருந்த ஜியா ஸிதாவ் (1213–1275) பெயரில் சுவர்க்கோழி நூல் ஒன்று வழங்குகிறது. மங்கோலியப் படை ஷியாங்யாங் நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவர் தரையில் குந்தியமர்ந்து பூச்சிகளை மோதவிட்டுக்கொண்டிருந்தார் என்று வரலாறு பழிக்கிறது. 1273இல் அந்நகர் வீழ்ந்ததற்குப் பூச்சிகளைக் காரணம் காட்டுவது மிகையே என்றாலும், அந்தப் பழி இன்றுவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1425 முதல் 1435 வரை ஆண்ட மிங் பேரரசர் ஷுவாந்த இந்த ஆட்டத்தில் கொண்ட மோகத்தைப் பின்புலமாக வைத்து, பூ ஸோங்லிங் (1640–1715) எழுதிய சிறுகதையொன்றில், அரண்மனைக்குப் பூச்சியைத் திறையாகச் செலுத்த முடியாத ஏழைக் குடும்பத்துச் சிறுவனின் உயிரே ஒரு சுவர்க்கோழியாக மாறிப் போரிடுகிறது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பழமைவாதக் கேளிக்கை என ஒடுக்கப்பட்ட இவ்விளையாட்டு 1980களில் மீண்டும் தலையெடுத்தது. சூதாட்டம் சீனச் சட்டத்துக்கு எதிரானது. ஆனால் பந்தயப் பணம் இந்தக் களங்களை முற்றாக விட்டு விலகியதே இல்லை. பூச்சிக்கு ஊக்கமருந்து கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால், பெரிய பந்தயங்களுக்கு முன் எல்லாப் பூச்சிகளையும் சில நாள் பொதுக் காவலில் வைத்து ஒரே வகை உணவு தரும் ஏற்பாடும் தோன்றியிருக்கிறது. பூச்சியின் கலையில் மிக வறண்ட பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மோதலைக் காட்டிலும் பழமையானது கேட்டல். எட்டாம் நூற்றாண்டில், தாங் அரசின் அரண்மனைப் பெண்கள் இலையுதிர்காலம் வந்ததும் பூச்சியைச் சிறு பொற்கூண்டில் அடைத்துத் தலையணையருகே வைத்து இரவில் அதன் ஒலியைக் கேட்டனர் என்றும், நகரத்து மக்களும் அதைப் பின்பற்றினர் என்றும் குறிப்பு உண்டு. பிற்காலத்தார் இந்த இன்பத்தைக் குளிர்காலத்துக்குள்ளும் நீட்ட வழி கண்டனர். உருவில் பெரிய வேறொரு சுவர்க்கோழி இனத்தைக் கதகதப்பான அறையில் பருவம் தப்பிப் பொரிக்கவைத்து, சுரைக்குடுவைக்குள் விட்டு, அந்தக் குடுவையை மார்போடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால், மனித உடலின் வெப்பத்தில் அது பனிக்காலத்திலும் பாடும். குடுவையும் தானாக விளைந்த வடிவத்தில் விடப்படுவதில்லை: கொடியில் பிஞ்சாக இருக்கும்போதே உட்புறம் சித்திரம் செதுக்கிய அச்சுக்குள் அதைப் புகுத்திவிட்டால், காய் பருத்து அச்சை நிரப்பி, பூவும் மலையும் எழுத்தும் தன் தோலிலேயே புடைத்து நிற்க முற்றுகிறது. மிங் காலத்து மரச்சாமான்களைப் பற்றிய ஆய்வுகளால் உலகறிந்த வாங் ஷிஷியாங் (1914–2009), இளமையில் பெய்ஜிங்கின் பூச்சிச் சந்தைகளில் அலைந்தவர். பழைய சுவர்க்கோழிச் சுவடிகளைத் திரட்டி 1993இல் ஒரே தொகுப்பாகப் பதிப்பித்த அவர், இந்தக் குடுவைக் கலையைப் பற்றியும் தனி நூல் எழுதினார். அச்சைச் செதுக்குவது முதல் குடுவையின் வாய்க்கு ஆமையோட்டில் மூடி பொருத்துவது வரை ஒவ்வொரு படியும், அதைச் செய்த கைவினைஞர்களின் பெயர்களோடு இன்று கற்கக் கிடைப்பது பெரிதும் அவருடைய உழைப்பால்தான்.