எபோலா பரவிய நாட்டில் பாணர்கள்

ஓர் ஊரில் கொள்ளை நோய் புகுந்துவிட்டால் முதலில் தேடப்பட வேண்டியவர் மருத்துவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருத்துவரையே மக்கள் நம்ப மறுத்தால் என்ன செய்வது? மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த இக்கட்டு நேர்ந்தது. அங்கே பாடகர்களும் ஓவியர்களும் ஆலிம்களும் ஆற்றிய பணி, வாசக அன்பர்களே, நாம் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

2013 டிசம்பரில் கினியா நாட்டின் மெலியாண்டூ என்னும் சிற்றூரில் ஒரு குழந்தை காய்ச்சல் கண்டு இறந்தது. அதுவே தொடக்கம் என ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். நோய் எபோலா என்பது 2014 மார்ச்சில்தான் தெரிந்தது. பின்னர் அது லைபீரியாவிலும் சியரா லியோனிலும் பெருந்தீயாய்ப் பரவியது. 2016இல் ஓய்வதற்குள் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வதந்தியின் வேகம்

எபோலா காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் இரத்தம், வாந்தி, வியர்வை போன்றவற்றைத் தொடுவதால் தொற்றுகிறது. எனவே முழு உடலையும் மூடும் அங்கி அணிந்து மருத்துவப் பணியாளர்கள் வந்தனர். முகம் தெரியாத அவர்கள் அழைத்துச் சென்றவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. “நோயே பொய், இவர்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள்” என்று வதந்தி கிளம்பிற்று. 2014 செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்திற்கு விளக்கம் சொல்லச் சென்ற குழுவினரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அறியாமையும் அவநம்பிக்கையும் சேர்ந்தால் எத்தகைய கொடுமை விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாணர்கள் வந்தார்கள்

அந்நாடுகளில் எழுத்தறிவு பெறாதோர் மிகுதி. வானொலியே பலருக்கும் செய்தித்தாள். அதனினும் பழமையானது பாணர் மரபு. குலவரலாறு கூறுவதும், திருமண வீட்டில் வாழ்த்துவதும், சச்சரவில் சமாதானம் பேசுவதும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழில். அவர்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

2014 மே மாதத்தில் லைபீரிய இளைஞர்கள் “எபோலா இன் டவுன்” என்றொரு பாடலை வெளியிட்டனர். ஒருவரையொருவர் தொடாமல் ஆடும் நடனமும் அதனுடன் பரவியது. நோயின் பெயர் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. ஆனால் அது அச்சத்தையே மிகுவித்தது என்ற குறையும் எழுந்தது. அச்சம் மட்டும் கொண்டவன் நோயாளியை ஒளித்து வைப்பானே தவிர மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மாட்டான் அன்றோ!

அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த “ஆப்பிரிக்கா ஸ்டாப் எபோலா” பாடல் அக்குறையைத் தீர்த்தது. கினியாவின் பாணர் குலத்தில் பிறந்த மோரி காந்தே, மாலி நாட்டின் சலீஃப் கெய்த்தா, ஊமு சங்காரே, கோட் டிவாரின் டிக்கன் ஜா ஃபக்கோலி முதலியோர் பிரெஞ்சிலும் உள்ளூர் மொழிகளிலும் பாடினர். நோயாளியையும் இறந்தவரின் உடலையும் தொடாதீர், மருத்துவரை நம்புங்கள் என்பது அதன் கருத்து. வருவாய் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அளிக்கப்பட்டது. மன்ரோவியா நகரின் சுவர்களில் ஓவியர்கள் நோயின் அறிகுறிகளைப் படமாகத் தீட்டினர். கூட்டங்கள் தடை செய்யப்பட்டுக் கலைஞர்களின் பிழைப்பே முடங்கியிருந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

இசை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இங்கே நமது நோக்கமன்று. மக்கள் எவர் சொல்லைக் கேட்பார்களோ, அவர் வாயால் உண்மை சென்று சேர்ந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஜனாஸாவின் கண்ணியம்

பாடல் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று இருந்தது. எபோலாவால் இறந்தவரின் உடலில் கிருமி மிகுந்திருக்கும். மய்யித்தைக் குளிப்பாட்டிய கைகளே அடுத்து நோயுற்றன. கினியாவிலும் சியரா லியோனிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். பெற்ற தாயைக் குளிப்பாட்டாமல் மண்ணுக்குள் அனுப்ப எந்த மகள் இசைவாள்? ஆகவே இரவோடு இரவாக மறைவில் அடக்கம் செய்தனர். நோய் மேலும் பரவியது.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ சமயப் பிரதிநிதிகளுடன் கலந்து, பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்திற்கான வழிமுறையை வெளியிட்டது. குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும். வெள்ளைத் துணியால் கஃபன். குடும்பத்தார் விலகி நின்று ஜனாஸாத் தொழுகை. மார்க்கம் நிர்ப்பந்த வேளையில் தந்த சலுகை, உயிர்களைக் காக்கும் கருவியாயிற்று. இமாம்கள் இதனைப் பள்ளிவாசல்களில் எடுத்துரைத்தபோது, அதிகாரிகளின் ஆணைக்கு மூடியிருந்த கதவுகள் திறந்தன.

நாம் செய்ய வேண்டியது

சகோதர சகோதரிகளே, 2020இல் கொரோனா வந்தபோது நம் ஊர்களிலும் இதே கேள்விகள் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அடுத்த நோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வரும்வரை காத்திருக்கலாமா? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பகுதி மருத்துவரோடும், ஊரார் மதிக்கும் புலவர், பாடகர், எழுத்தாளரோடும் இன்றே உறவு கொள்ளட்டும். தயம்மும் போன்ற சட்டங்களை ஜனாஸாப் பணி செய்வோருக்கு முன்கூட்டியே கற்றுத் தரட்டும். வதந்தி பிறந்த பின் தேடினால் நம்பிக்கை கிடைக்காது. அதைச் சுகமான நாட்களிலேயே சேர்த்து வைக்க வேண்டும்.