பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு தோட்டம்

கைத்தொலைபேசியில் வரைபடச் செயலியைத் திறந்து, தேடும் கட்டத்தில் மலாய் மொழியில் 'லாடாங்' என்று தட்டுங்கள். லாடாங் என்றால் தோட்டம். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வந்து விழும் விடைகளில் தமிழ்ப்பள்ளிகளைப் பார்ப்பீர்கள்: எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. இனி படத்தைச் செயற்கைக்கோள் தோற்றத்துக்கு மாற்றுங்கள். பள்ளி இருக்கிறது, தோட்டத்தைக் காணோம். சுற்றிலும் தாமான் வீடுகள், நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள். சில பள்ளிகள் இடமே மாறிவிட்டன. ஆனாலும் தோட்டத்தின் பெயரை அவை விடவில்லை.

மனிதர்கள் எங்கே வாழ்கிறார்கள், ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்று கேட்பது மானிடப் புவியியல். 'எங்கே' என்ற கேள்விக்கு ஒரு வரைபடம் போதும். 'ஏன்' என்பதற்குக் குறைந்தது இரண்டு வேண்டும். மக்கள் வாழும் இடங்களைக் காட்டும் தாளின் மேல் ஆற்றையோ தண்டவாளத்தையோ நிலத்தின் மேடுபள்ளத்தையோ காட்டும் இன்னொரு தாளை வைத்துப் பார்க்கவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேலையைச் செய்தால், நம் குடும்பங்களின் கதையே கிடைக்கும்.

தண்டவாளத்தில் கோத்த ஊர்கள்

முதலில் ரயில் பாதை. கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் இடத்தில் ஈயத்துக்காக எழுந்த ஊர் கோலாலம்பூர். அந்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1881இல், தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரை அழித்திருந்தன. பலகையும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று ஆங்கிலேய நிர்வாகம் சொல்ல, ஊருக்குத் தெற்கே சூளைகள் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

சூளைகள் போய் ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். ரயில்வே அலுவலகங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்கள் வந்தார்கள். 1905இல் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்ற அரசாங்க வரிசை வீடுகள் அண்மைக் காலத்தில்தான் இடிக்கப்பட்டன. இன்றைய கேஎல் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டதும் பழைய ரயில்வே நிலத்தின் மேல்தான். 'லிட்டில் இந்தியா' என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 2010இல் வந்தது. பெயரை மட்டும் பார்க்கிறவர் கடைகளைப் பார்த்து ஆட்கள் வந்ததாக நினைத்துக்கொள்வார். தண்டவாளத் தாளை மேலே வையுங்கள்: ரயில் பட்டறைகள் இருந்த செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் நிலையத்துக்குப் பக்கத்து ஜாலான் தெங்கு கிளானா எல்லாம் ஒரே வலைப்பின்னலில் வந்து உட்காரும்.

இன்னும் நெருங்கிப் போனால் ஒரே ஊரும் பலவாகப் பிரியும். நாட்டுப் படத்தில் எல்லாரும் 'இந்தியர்' என்ற ஒரே நிறம். தெருப் படத்தில் ஜாலான் ஸ்காட்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் தெரியும். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகளும் இருக்கின்றன. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், காலால் தடவி நடக்கும் பாதை அது. அந்த ஓடு எங்கே தொடங்குகிறது, எங்கே ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல் நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் செயலியில் இல்லை. அங்கு நடப்பவர்களின் மனப் படத்தில்தான் இருக்கிறது.

சதுப்பும் குன்றும்

அடுத்த தாளை ஒரு மருத்துவரிடமிருந்து வாங்குவோம். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய போர்ட் கிள்ளான்) தொழிலாளர்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலுமாக அந்த ஆண்டு மலேரியாவில் இறந்தவர்கள் 368 பேர். வாட்சன் சொன்னபடி சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள், காட்டை அகற்றினார்கள். மறு ஆண்டில் இறந்தவர்கள் 59 பேர்.

கதை இதோடு முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக நின்றிருக்கும். ஆனால் ரப்பர் வந்துவிட்டது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் புதிய தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் இடப்பக்க விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்து போகும் உடலில் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். ஒரு தோட்டத்தில் நூற்றில் எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் என்று எண்ணினால், ரத்தப் பரிசோதனை இல்லாமலே அந்த இடத்தின் மலேரியா அளவு கிடைத்துவிடும்.

இந்த எண்களைத் தோட்டங்களின் பெயர் வரிசைப்படி எழுதினால் ஒன்றும் புரியாது. நல்ல நிர்வாகம் உள்ள தோட்டத்திலும் வீக்கம், இல்லாத தோட்டத்திலும் வீக்கம். நிலத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தபோதுதான் இரண்டாகப் பிரிந்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடிக்க வடிக்க மலேரியா குறைந்தது. குன்றுப் பகுதியில் அதே வேலையைச் செய்யச் செய்ய மலேரியா கூடியது. கோடாரி ஒன்றுதான். சமவெளியில் உயிர் காத்தது, குன்றடியில் உயிர் எடுத்தது.

விடை கொசுவின் வாழ்விடத்தில் இருந்தது. சமவெளிச் சதுப்பின் நிழலில், தேங்கிய நீரில் முட்டையிடுவது அனாபிலிஸ் அம்புரோசஸ். மரம் போய் நீரும் வடிந்தால் அதற்கு இடமில்லை. குன்றுகளின் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது அனாபிலிஸ் மேக்குலேட்டஸ். அதற்கு வெயில் வேண்டும். மரத்தை வெட்டியவர்கள் வெயிலைத் தாங்களே ஓடைக்குள் விட்டுவிட்டார்கள். தொழிலாளர் லயங்களோ தண்ணீர் வசதிக்காக அந்த ஓடைகளை ஒட்டியே இருந்தன. பிறகு குன்றுத் தோட்டங்களுக்கு வேறு வழி காணவேண்டியிருந்தது: ஓடையை மண்ணுக்கடியில் குழாயில் ஓடவிடுவது, நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பது. உங்கள் குடும்பத்தில் யாராவது அந்த எண்ணெய் மருந்து அடிக்கும் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

லண்டனில் 1854இல் ஜான் ஸ்நோ வரைந்த காலரா படத்தை மாணவர்கள் கட்டாயம் படிக்கிறார்கள். படிக்கட்டும். அதன் பக்கத்திலேயே கிள்ளான் தோட்டங்களையும் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். அங்கே தொட்டுப் பார்க்கப்பட்ட வயிறுகள் நம் முன்னோர்களுடையவை.

தோட்டத்தின் மேல் நகரம்

இனி இன்றைய நகரங்களின் மேல் பழைய தோட்டத் தாளை விரியுங்கள். 1950களில் எழுந்த பெட்டாலிங் ஜெயாவுக்கு அடியில் எஃபிங்ஹாம் தோட்டம். ஷா ஆலாமுக்கு அடியில் சுங்கை ரெங்கம். சுபாங் ஜெயாவுக்கு அடியில் சீஃபீல்ட். பங்சார் என்ற பெயரே அங்கே ரப்பர் பயிரிட்ட பங்கி, கிரிசார் என்ற இருவரின் பெயர்கள் கூடித் திரிந்தது என்பார்கள்.

புத்ராஜெயாவுக்கு அடியில் இருப்பது பிராங் பெசார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. 1990களில் தலைநகர் வேலை தொடங்கியதும் பிராங் பெசாரோடு காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி தோட்டங்களின் குடும்பங்களும் தெற்கே டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. புத்ராஜெயாவின் சுற்றுலாப் படத்தில் ஏரியும் பாலங்களும் இருக்கும். அந்த நான்கு பெயர்கள் இருக்காது. தாமான் பெர்மாத்தா ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் அவை வெளியே வரும்.

கோயில்களும் அப்படியே. வீடமைப்புப் பகுதிக்கு நடுவே, எந்தத் திட்டத்துக்கும் பொருந்தாத கோணத்தில் ஒரு மாரியம்மன் கோயில் நிற்கும். புதிய தாளில் அது இடைஞ்சலாகத் தெரியும். பழைய தாளில் அது லயத்துக்கும் ரப்பர்க் காட்டுக்கும் இடையில் சரியான இடத்தில் இருக்கும். சுபாங் ஜெயாவின் சீஃபீல்ட் கோயில் நிலத்தைப் பற்றிய தகராறு 2018இல் நாட்டையே உலுக்கியது. இந்தத் தகராறுகளில் எந்தத் தாளை மேசைமேல் வைக்கிறோம் என்பதிலேயே பாதி வழக்கு அடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

வரைபடம் ஏமாற்றவும் செய்யும். மலேசியாவில் இந்தியர்கள் அதிகம் வாழும் மாநிலம் எது? எண்ணிக்கையை வரைந்தால் சிலாங்கூர் அடர்த்தியாகத் தெரியும். விகிதத்தை வரைந்தால் நெகிரி செம்பிலான் முந்திக்கொள்ளும். இரண்டும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. தமிழ்ப்பள்ளிகளிலும் இதைக் காணலாம். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக் கட்டடங்களைப் புள்ளிகளாக வைத்தால் கிடைப்பது தோட்டக் காலத்து மலாயா. பிள்ளைகளைப் புள்ளிகளாக வைத்தால் கிடைப்பது இன்றைய நகரங்கள். உள்ளே ஒரு தோட்டத்தில் முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளி. கிள்ளான் சிம்பாங் லீமாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துப் படிக்கும் பள்ளி. பிள்ளை இல்லாத தோட்டப் பள்ளியின் உரிமத்தை நகரத்துக்கு மாற்றுவது இந்த இரண்டு படங்களையும் நெருங்கவைக்கும் முயற்சி.

உங்கள் வீட்டுத் தாளை நீங்களே வரையலாம். கூகுள் எர்த்தின் காலவரிசைப் படங்கள் 1984 வரை பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தியதைத் தாத்தா பாட்டியிடம்தான் கேட்கவேண்டும். கிலோமீட்டரில் கேட்காதீர்கள். லயத்திலிருந்து கோயிலுக்கு எத்தனை நிமிட நடை, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். கோயிலும் பள்ளியும் அதே இடத்தில் இருந்தால், இரண்டையும் நடுவாக வைத்து இரண்டு வட்டங்கள் போடுங்கள். அவை இரண்டு இடங்களில் வெட்டும். அதில் எது லயம் என்று தெரியவேண்டுமா? கோயிலுக்குப் போக ஆற்றைத் தாண்டினீர்களா என்று கேளுங்கள். தாண்டிய பாலம் பலகையா இரும்பா என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.