கார் வந்துவிட்டது, வரிப்பணம் வரவில்லை

பள்ளி திறப்பை ஒட்டித்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஊர் மாறுகின்றன. சென்ற ஜூனில் பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று வெளிமாநிலங்களிலிருந்து காரோடு தமிழ்நாட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு இந்த ஜூனில் பன்னிரண்டு மாதம் முடிகிறது. அதனால்தானோ என்னவோ, வாசகர் கடிதங்களில் பாதி இதைப் பற்றியே. கே.ஏ. நம்பரை மாற்றியே தீர வேண்டுமா, டிராஃபிக் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது, அங்கே கட்டிய வரி என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. மூன்றாவதில்தான் வில்லங்கம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 46-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுவதும் ஓடலாம். அடுத்த பிரிவே அதற்கு ஒரு கடிவாளம் போடுகிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதம் முடிந்தபின் விண்ணப்பிக்க இன்னும் முப்பது நாள் தருகிறது மத்திய விதி. ஆக, சென்ற ஜூனில் வந்தவர்கள் இன்றைக்கே பதற வேண்டியதில்லை. ஆடி பிறந்த பிறகும் மேசையில் ஃபைல் இல்லை என்றால்தான் சிக்கல்.

வண்டி எந்தத் தேதியில் மாநில எல்லையைத் தாண்டியது என்று எந்த அலுவலகமும் குறித்து வைப்பதில்லை. கேள்வி வந்தால் தேதியை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. டோல் ரசீது, ஃபாஸ்டேக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், புது வேலையின் நியமனக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓசூரைத் தாண்டிப் போய்வந்து, அந்த ரசீதைக் காட்டிக் கணக்கை முதலிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. சட்டம் இதை வெளிப்படையாக அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இனி வரி. கார் வாங்கும்போது ஷோரூமில் 'ரோடு டாக்ஸ்' என்று ஒரு பெருந்தொகையைச் சேர்த்து வாங்குகிறார்களே, அது வாழ்நாள் வரி. பதினைந்து ஆண்டுகளில் வர வேண்டிய வரியை அரசு முதல் நாளே கையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஆண்டுதோறும் வரிசையில் நிற்கும் சிரமம் மக்களுக்கு இல்லை என்பார்கள். கருவூலத்துக்குக் கிடைக்கும் வசதியை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, வாகன வரியை மாநிலப் பட்டியலில் 57-வது இனமாக வைத்திருக்கிறது. பதிவுக்கோ மத்தியச் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடிபெயர்ந்தவர் சிக்குகிறார். பெங்களூரில் 2022-ல் 12 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைப் பிரிவில் கர்நாடகத்தில் 17 சதவீதம், மேல்வரி தனி. மேல்வரியை விட்டுவிட்டாலும் 2 லட்சத்து 4 ஆயிரம். பதினைந்து ஆண்டுக்கான பணத்தில் மூன்று ஆண்டுதான் கரைந்திருக்கிறது. நேர்க்கணக்குப் போட்டால் 1 லட்சத்து 63 ஆயிரத்துக்குப் பக்கமாகத் திரும்பி வர வேண்டும்.

திரும்பி வரவும் செய்யும், என்றாவது. ஆனால் அதற்கு முன் தமிழ்நாட்டில் வரியைக் கட்டியாக வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி இங்கே புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துச் சதவீதம் குறையும். ஆனால் இன்று விற்றால் கிடைக்கும் விலைக்கு அல்ல, வாங்கிய அன்றைய விலைக்குத்தான் கணக்கு. இங்கே கட்டிய ரசீதையும் டி.என். நம்பர் ஏறிய ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு, காரை முதலில் பதிந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்தால்தான் அங்கே ரீஃபண்ட் ஃபைலே திறப்பார்கள். அதுவரை ஒரே காரின் அதே ஆண்டுகளுக்கான வரி இரண்டு கருவூலங்களிலும் இருக்கும். அந்த இடைக்காலத்துக்கு வட்டி என்ற பேச்சே இல்லை.

இரண்டு மாநில அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதும் இல்லை. அங்கே கழிக்கும் சதவீதம் வேறு, இங்கே விதிக்கும் சதவீதம் வேறு. நடுவில் விழும் பள்ளத்தைச் சொந்தப் பணத்தால் நிரப்ப வேண்டியதுதான்.

எனக்கு உறுத்துவது வரி அல்ல, இந்த வரிசைமுறை. இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகங்களும் பார்ப்பது 'வாஹன்' என்ற ஒரே தரவுத்தளத்தை. வண்டியின் சேஸிஸ் எண், கடன் விவரம், செலான் பாக்கி என எல்லாம் மாநில எல்லை தாண்டி நொடியில் போகிறது. கட்டிய வரி மட்டும் போகாது. இத்தனைக்கும் 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி.யில் இதே வேலை தினமும் நடக்கிறது: ஒரு மாநிலத்தில் விற்ற சரக்குக்கான வரிப்பங்கு, அது போய்ச்சேரும் மாநிலத்துக்கு அரசுகளுக்கிடையே நேராகப் போகிறது, யாரும் கையில் சுமந்து போவதில்லை. மாநில உரிமை என்று சொல்லித் தப்பிக்கவும் முழு இடமில்லை. வாகன வரியை எந்தக் கொள்கைப்படி விதிக்கலாம் என்று வகுக்கும் அதிகாரம் பொதுப் பட்டியலின் 35-வது இனத்தில் இருக்கிறது. டெல்லி அதைக் கையில் எடுக்கவில்லை, மாநிலங்களும் கேட்கவில்லை.

மாறாக, கெடுவைச் சுருக்கவே முயற்சி நடந்தது. வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினாலே வாழ்நாள் வரி என்று 2014-ல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. பெங்களூரில் வெளிமாநில நம்பரோடு போனவர்களை நிறுத்தி நிறுத்தி வசூலித்தார்கள். 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதற்கெல்லாம் தீர்வு என்று 2021 செப்டம்பரில் அறிமுகமானது பாரத் சீரிஸ், அதாவது பி.எச். நம்பர். மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். விலையைப் பொறுத்து 8, 10, 12 சதவீதம் அடிப்படை, டீசலுக்கு 2 கூடுதல், மின்வண்டிக்கு 2 குறைவு. நல்ல யோசனை, சந்தேகமில்லை. யாருக்கு என்று பாருங்கள்: ராணுவத்தினர், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்கள். கோவையில் லேத் பட்டறை வைக்க வருபவருக்கும், மதுரைக்குத் திரும்பும் ஓய்வூதியருக்கும் இதில் இடமில்லை. மாநிலங்களுக்கு ஒரே மூச்சில் வரும் பணம் துண்டுதுண்டாகிவிடும் என்பதால் எல்லா மாநிலங்களும் இதை ஆவலோடு வரவேற்கவும் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். பழைய ஆர்.டி.ஓ.விடம் 28-ம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று, எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி., வாங்க வேண்டும். இதற்குச் சேஸிஸ் எண்ணின் பென்சில் தடம் தேவை. பல கார்களில் அந்த எண் முன்சீட்டுக்கு அருகே தரைவிரிப்புக்கு அடியிலோ, பானெட்டைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ பொறித்திருக்கும். தூசியைத் துடைத்து, மெல்லிய காகிதத்தை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழுந்து வரும். எல்லாம் ஆன்லைன் என்று விளம்பரப்படுத்தும் துறை இன்னும் நம்புவது இந்தக் கரித்தாளைத்தான்.

என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால், அது வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது 48-வது பிரிவு. படிக்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் புது ஊர் கவுண்டரில் கேட்பது சான்றை. அவர்களுடைய திரையில் என்.ஓ.சி. ஏறாதவரை ஃபைல் நகராது. முப்பது நாள் மௌனத்தைச் சான்றாக நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சான்று எந்த ஆர்.டி.ஓ. பெயருக்கு என்பதையும் கவனியுங்கள். தாம்பரம் என்று வாங்கிவிட்டு வேளச்சேரியில் வீடு பார்த்தால் திரும்ப அலைய நேரும்.

சான்று கைக்கு வந்தபின் 27-ம் எண் படிவம், வரி, பிரேக் இன்ஸ்பெக்டரின் நேரடிப் பார்வை, புது நம்பர்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கார் கடன் பாக்கி இருந்தால்? பேங்க்கின் சம்மதக் கடிதம் இல்லாமல் என்.ஓ.சி. கிடையாது, அதை முதலில் கேளுங்கள்.

டூவீலருக்கும் இதே கதையா? இதே கதைதான், தொகை சிறிது.

வெளிமாநிலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால்? பன்னிரண்டு மாதத்தை நம்பாதீர்கள். வாங்கியவர் முப்பது நாளில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வரி குறைவு என்று பாண்டிச்சேரி முகவரியில் பி.ஒய். நம்பர் வாங்கலாமா? அங்கே உண்மையில் குடியிருந்தால் வாங்கலாம். போலி முகவரி காட்டியதாகக் கேரளத் திரைப் பிரபலங்கள் சிலர் 2017-ல் வழக்கில் மாட்டினார்கள்.

இன்சூரன்ஸ்? செல்லும், புது நம்பரைப் பாலிசியில் ஏற்றிவிடுங்கள்.

ஃபாஸ்டேக்? அதிலும் நம்பரை மாற்ற வேண்டும்.

டிரைவிங் லைசென்ஸ்? நாடு முழுவதும் செல்லும்.

ரீஃபண்டுக்கு எதை நகலெடுத்து வைக்க வேண்டும்? பழைய ஆர்.சி.யின் இரு பக்கம், முதல் வரி ரசீது, ஷோரூம் பில், என்.ஓ.சி. இவற்றை இங்கே மூலப்பிரதியாக ஒப்படைப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பழைய மாநிலத்து பேங்க் கணக்கையும் பணம் வரும்வரை மூடாதீர்கள்.