பழைய திறன்பேசிகளில் அழைப்பு ஒலியும் அதிர்வும்: அமைக்கும் முறையும் பழுது அறியும் முறையும்

செல்பேசிக்கு அழைப்பு வரும்போது அதை உடையவருக்கு அறிவிக்கும் ஓசை அழைப்பு ஒலி அல்லது ரிங்டோன் எனப்படும். ஓசைக்குப் பதிலாகவோ ஓசையுடன் சேர்ந்தோ கருவி நடுங்குவது அதிர்வு எனப்படும். பழைய திறன்பேசிகளில் இவ்விரண்டும் திடீரென நின்றுவிடுவது அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலான நேரங்களில் கருவி கெட்டிருப்பதில்லை. ஏதோ ஓர் அமைப்பு மாறியிருக்கும். எங்கே தடை உள்ளது என்பதை வரிசையாகப் பார்த்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள கண்டனூர், செட்டிநாட்டின் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் இந்தச் சிறு பழுது பெரிய கவலையாக மாறக்கூடும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் வாழும் வீடுகள் இங்கு உண்டு. பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன்தான் பல பெரியவர்களின் கையில் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு செல்லும் வீட்டில், முகப்பில் வைத்த போன் ஒலிக்காவிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால், தொலைவில் இருப்பவர் பதறிப்போவார்.

ஓசையும் அதிர்வும் உண்டாகும் விதம்

திறன்பேசியில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும். காதருகே வைத்துப் பேசும்போது கேட்பது மேல்பகுதியில் உள்ள சிறிய ஒலிபெருக்கி. ரிங்டோனும் பாட்டும் பெரும்பாலான கருவிகளில் கீழ்ப்புறமோ பின்புறமோ உள்ள பெரிய ஒலிபெருக்கியிலிருந்து வரும். ஆகவே பேச்சு நன்றாகக் கேட்டாலும் ரிங்டோன் கேட்காமல் போகலாம்.

அதிர்வைத் தருவது ஒரு சிறிய மோட்டார். பழைய கருவிகளில் மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான உலோகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது வேகமாகச் சுழலும்போது எடை சமமின்றி இழுப்பதால் கருவி முழுவதும் நடுங்கும். பின்னர் வந்த சில கருவிகளில் சுழலும் மோட்டாருக்குப் பதிலாக, முன்னும் பின்னும் அசையும் எடையைக் கொண்ட அமைப்பு வந்தது. 2015-இல் வெளியான ஐபோன் 6எஸ் இதற்கு எடுத்துக்காட்டு.

நோக்கியா நிறுவனத்தின் புகழ்பெற்ற ரிங்டோன், ஸ்பெயின் நாட்டு கித்தார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகாவின் இசைக்கோவையிலிருந்து எடுக்கப்பட்டது. 1994 முதல் அந்நிறுவனத்தின் செல்பேசிகளில் அது ஒலித்தது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. அந்த ஓசையைக் கேட்டதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

ரிங்டோனும் காலர் டியூனும் வேறு

இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரிங்டோன் நம் கருவியில் இருக்கிறது, நமக்குக் கேட்கிறது. காலர் டியூன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நம்மை அழைப்பவருக்குக் கேட்கிறது. 2020-இல் யாரை அழைத்தாலும் கொரோனா விழிப்புணர்வு அறிவிப்பு கேட்டது நினைவிருக்கும். அது நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்த ஒலி. கருவியின் ரிங்டோன் அமைப்பை மாற்றி அதை நீக்க முடியவில்லை. எனவே “போன் செய்தால் பாட்டுக் கேட்கிறது, ஆனால் அவர் எடுக்கவில்லை” என்றால், அவருடைய போன் ஒலித்தது என்று பொருளாகாது.

அமைக்கும் முறை

சிம்பியன் கருவிகள்: பழைய நோக்கியா திறன்பேசிகளில் ‘புரொபைல்’ என்ற ஏற்பாடு உண்டு. ஜெனரல், சைலன்ட், மீட்டிங், அவுட்டோர் எனப் பல புரொபைல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரிங்டோன், ஒலி அளவு, அதிர்வு ஆகியவற்றை அமைக்கலாம். ஜெனரலில் அமைத்தது மீட்டிங்கில் செல்லாது. எந்த புரொபைல் இயங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எண் பொத்தான்கள் உள்ள பல கருவிகளில் # பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் சைலன்ட் வந்துவிடும். பையில் கிடக்கும்போது இது தானாக நேர்வதுண்டு. மீண்டும் அதே பொத்தானை அழுத்தினால் ஜெனரலுக்குத் திரும்பும்.

ஆண்ட்ராய்டு கருவிகள்: செட்டிங்ஸ் பகுதியில் ‘சவுண்ட்’ அல்லது ‘ஒலி’ என்பதைத் திறந்தால் ரிங்டோனைத் தேர்ந்தெடுக்கலாம். அதிர்வுக்கு அதே பக்கத்தில் தனித் தெரிவு இருக்கும். ஆண்ட்ராய்டு 2.2, 2.3 ஆகியவற்றில் எப்போதும், ஒருபோதும் வேண்டாம், சைலன்ட்டில் மட்டும், சைலன்ட் இல்லாதபோது மட்டும் என நான்கு தெரிவுகள் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் ‘வைப்ரேட் வென் ரிங்கிங்’ என்ற ஒரே தெரிவு வந்தது. சொந்தப் பாட்டை வைக்க, கருவியின் உள் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘ரிங்டோன்ஸ்’ என்ற பெயருள்ள கோப்புறையில் எம்பி3 கோப்பைப் போட்டுக் கருவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பிறகு அது பட்டியலில் தெரியும்.

ஐபோன்: இடப்பக்க விளிம்பில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் ஓசை நிறுத்தப்பட்டுள்ளது. செட்டிங்ஸில் ‘சவுண்ட்ஸ்’ பகுதியில் ஓசையோடு அதிர்வு, சைலன்ட்டில் அதிர்வு என இரண்டு தெரிவுகள் தனித்தனியாக இருக்கும். ஐஓஎஸ் 5 முதல், திரையைத் தட்டி நாமே அதிர்வுத் தாளத்தை உருவாக்கலாம். சொந்த ரிங்டோன் எம்4ஆர் வடிவில், 40 வினாடிக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

ஒலிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை

1. அழைப்பு வந்ததா? போனில் தவறிய அழைப்புகளின் பட்டியலைப் பார்க்கவும். அதில் அந்த அழைப்பு இருந்தால், அழைப்பு கருவி வரை வந்துள்ளது, சிக்கல் ஓசையில்தான். பட்டியலில் இல்லாமல், நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தால் அந்த நேரத்தில் சிக்னல் இல்லை அல்லது போன் அணைந்திருந்தது. இதற்கு ரிங்டோனை மாற்றிப் பயனில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் போனை வைக்க வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். *#21# என்று அழைத்தால் அதை அறியலாம். ##002# என்று அழைத்தால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும்.

2. எந்த ஒலி அளவு கூட்டப்பட்டுள்ளது? பாட்டு ஓடும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி மட்டுமே கூடும். ரிங்டோனின் அளவு வேறு. பாட்டு அலறும் போனில் ரிங்டோன் முணுமுணுப்பதற்கு இதுவே காரணம். ஐபோனில் ‘சேஞ்ச் வித் பட்டன்ஸ்’ தெரிவு அணைந்திருந்தால், பொத்தானை அழுத்தினாலும் ரிங்டோனின் அளவு மாறாது. இரண்டு வகைக் கருவிகளிலும் செட்டிங்ஸில் உள்ள ரிங்டோன் அளவுக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

3. தொந்தரவு தடுக்கும் வசதி இயங்குகிறதா? ஐபோனில் 2012-இல் ஐஓஎஸ் 6 உடன் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வந்தது. திரையில் பிறைநிலாக் குறி தெரியும். ஆண்ட்ராய்டு 5.0-இல் பழைய சைலன்ட் முறை நீக்கப்பட்டு, ஒலிப் பொத்தானை அழுத்தியதும் ‘நன்’, ‘பிரையாரிட்டி’, ‘ஆல்’ என மூன்று தெரிவுகள் வந்தன. ‘நன்’ என்பதைத் தெரியாமல் தொட்டால் அலாரம்கூட ஒலிக்காது. ஆண்ட்ராய்டு 6.0-இலிருந்து இது தெளிவான பெயர்களுடன் மாற்றி அமைக்கப்பட்டது.

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை தானாக இயங்கும்படி இவ்வசதியை அமைத்திருந்தால் மற்றொரு சிக்கல் வரும். நியூயார்க்கில் நண்பகல் 12 மணி என்பது நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து பிள்ளை அழைத்தால் இங்கே ஓசை வராது. நெருங்கியவர்களின் எண்களை விருப்பப் பட்டியலில் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் விலக்குத் தர வேண்டும். மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் தெரிவும் உண்டு. ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள்ளும் அதே எண் இரண்டாம் முறை அழைத்தால் ஓசை கேட்கும்.

4. ஒருவருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கவில்லையா? அந்தப் பெயருக்குத் தனி ரிங்டோனோ ஓசையின்மையோ வைக்கப்பட்டிருக்கலாம். ஐஓஎஸ் 13 முதல் அறியாத எண்களை ஓசையின்றித் தள்ளிவிடும் தெரிவும் உண்டு. வெளிநாட்டு எண்களை +65, +60 போன்ற நாட்டுக் குறியீட்டுடன் பெயரிட்டுச் சேமித்தால் இது நேராது.

5. ரிங்டோன் மெமரி கார்டில் உள்ளதா? கார்டைக் கழற்றினாலோ, கணினியோடு இணைத்திருந்தாலோ, கார்டு பழுதானாலோ கருவிக்கு அந்தக் கோப்புக் கிடைக்காது. ஓசை மாறிவிடும், அல்லது வராமலே போகும். கோப்பை உள் நினைவகத்துக்கு மாற்றுவதே தீர்வு.

6. வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் ஒலிக்கவில்லையா? அதன் ரிங்டோனும் அதிர்வும் அச்செயலியின் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் தனியாக உள்ளன. பேட்டரி சேமிப்பு வசதி செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுவதும் உண்டு. அதிலிருந்து வாட்ஸ்அப்புக்கு விலக்குத் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய கருவிகளில் வாட்ஸ்அப் இப்போது இயங்குவதில்லை. அத்தகைய போனுக்குச் சாதாரண அழைப்பே நம்பத்தக்கது.

கருவிப் பழுதைக் கண்டறிதல்

மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் ஓசை வராவிட்டால் அலாரம் வைத்தும் பாட்டுப் போட்டும் பார்க்கவும். எதிலும் ஓசை இல்லை என்றால் ஒலிபெருக்கியைச் சந்தேகிக்கலாம். முதலில் உறையைக் கழற்றிவிட்டு, ஒலித்துளைகளில் அடைந்த தூசியை உலர்ந்த மென்மையான பிரஷால் துடைக்கவும். ஊசியால் குத்துவதும், தண்ணீர் விடுவதும், வாயால் ஊதுவதும் கூடாது. ஹெட்போன் செருகாமலே திரையில் ஹெட்போன் குறி தெரிந்தால், செருகும் துளையில் அழுக்கோ ஈரமோ உள்ளது என்று பொருள்.

சாம்சங் கருவிகள் பலவற்றில் *#0*# என்று எண்பலகையில் இட்டால் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ஒலிபெருக்கியையும் அதிர்வையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். அந்தச் சோதனையிலும் அதிர்வு வரவில்லை என்றால் மோட்டாரோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கும். அதிர்வுக்குப் பதில் கரகரவென்ற ஓசை மட்டும் வந்தால், கீழே விழுந்ததில் மோட்டார் தன் இடத்திலிருந்து தளர்ந்திருக்கலாம். சோதனையில் நன்றாக அதிர்ந்து, அழைப்பில் மட்டும் அதிராவிட்டால் குறை அமைப்பில்தான். கடைக்குப் போகத் தேவையில்லை.

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அதிர்வு குறையும். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கக்கூடும்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’ கடைசி வழி. தொடர்பு எண்களையும் படங்களையும் வேறிடத்தில் சேமிக்காமல் அதைச் செய்தால் இழந்தவை திரும்பக் கிடைப்பது அரிது. ரிங்டோனுக்காகப் போய்ப் பேரன் பேத்தி படங்களைத் தொலைத்துவிடக் கூடாது.

பெரிய வீட்டுக்கும் பெரியவர்களுக்கும் ஏற்ற அமைப்பு

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இடையில் தடித்த சுவர்கள் இருந்தால் இன்னும் குறையும். முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் சுருதி ஓசைகளை. மிகத் தாழ்ந்த ஓசைகளையோ போனின் சிறிய ஒலிபெருக்கி நன்றாகத் தராது. எனவே நடுச்சுருதியில், தொடக்கத்திலிருந்தே உரக்க ஒலிக்கும் பழைய தொலைபேசி மணியோசை போன்ற ரிங்டோன் நல்லது. மெல்லத் தொடங்கும் பாட்டு, எழுந்து வருவதற்குள் அழைப்பை முடித்துவிடும்.

அதிர்வு உடலில் பட்டால்தான் தெரியும். மெத்தை மேலும் துணி மேலும் வைத்த போனின் அதிர்வு அடங்கிவிடும். வெற்றிடமுள்ள மரப்பலகை மேல் வைத்தால் பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஓசை கூடும். விளிம்பிலிருந்து நகர்ந்து விழாதபடி வைக்க வேண்டும். ஐபோனில் அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும்படி ‘ஆக்சசிபிலிட்டி’ பகுதியில் அமைக்கலாம். காது மந்தமானவர்களுக்கு இது உதவும்.

வெளியூரில் இருப்பவர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் செய்து கொடுக்கலாம். ஓசை, அதிர்வு, விருப்பப் பட்டியல் மூன்றையும் அமைத்தபின், ஒருவர் போனை முகப்பில் வைத்துவிட்டு அடுப்படிக்குச் செல்ல, மற்றொருவர் அழைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று சோதித்தது போதாது. வழக்கமாக ஆள் இருக்கும் இடத்தில் கேட்கிறதா என்பதே கணக்கு. பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. எவ்வளவு சரியாக அமைத்தாலும் பழைய போன் ஒருநாள் ஓசையின்றிப் போகலாம். அன்று போய்ப் பார்த்துவரச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.