இரட்டைச் சிலிண்டர்களின் பொருத்தம்

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் வடபகுதியில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்துகொண்டு பூமிக்கடியில் வெகுதூரம் ஓடும் நீரூற்றுக் குகைகளுக்குள் நீந்திச் செல்பவர்களில் பலர், காற்றடைத்த சிலிண்டர்கள் இரண்டை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். திறந்த சமுத்திரத்தில் மூழ்குபவனுக்கு அபாயம் நேர்ந்தால் மேலே எழும்பி வரலாம். குகைக்குள் இருப்பவனுக்கோ தலைக்கு மேலே பாறையே இருப்பதால், வந்த வழியே திரும்பி நீந்துவதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது. ஆகையால் காற்றில் ஒரு பங்கு உள்ளே போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மூன்றாவது பங்கு ஆபத்துக்கு என்று வகுத்துக்கொள்ளும் நியதியை, 1979-ல் வெளிவந்த தம் நூலில் குகைகளில் மூழ்கிவந்த ஷெக் எக்ஸ்லி வற்புறுத்தினார். அந்த மூன்றாம் பங்கை நம்பியே உயிர் இருக்கிறது என்பதை மனத்தில் கொண்டால், இரண்டு சிலிண்டர்களும் ஏன் ஒத்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

இரண்டையும் எஃகுப் பட்டைகளால் இறுக்கி, கழுத்துக்குக் கழுத்து ஓர் இணைப்புக் குழாயை மாட்டுகிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் ஒரு வால்வும், சுவாசிக்கக் காற்றை அளவாகத் தரும் ரெகுலேட்டரும் உண்டு. குழாயின் நடுவே இன்னொரு வால்வு உண்டு. அது திறந்திருக்கும்வரை இரண்டும் ஒரே களஞ்சியம். ஒரு பக்கத்துச் சிலிண்டரின் கழுத்தில் கசிவு கண்டால் நடு வால்வை மூடி, மறுபக்கத்துக் காற்றைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஏரில் பூட்டும் மாடுகளில் ஒன்று உயரமும் மற்றொன்று குட்டையுமாக இருந்தால் நுகத்தடி சாய்ந்துபோவதைப் போல, உயரம் பொருந்தாத சிலிண்டர்களின்மேல் இணைப்புக் குழாய் நேராக அமராது. ஒரே கொள்ளளவு உடையவையானாலும், வெவ்வேறு கம்பெனிகளின் சிலிண்டர்கள் உயரத்தில் சிறிது வேறுபடுவதுண்டு. அந்த வித்தியாசத்தைப் பட்டைகளின் பலத்தால் சரிக்கட்ட முயன்றால், அந்த இழுவை முழுவதும் கழுத்து மரைகளின் மேலும், காற்றைத் தடுத்து நிற்கும் சிறு ரப்பர் வளையங்களின் மேலுமே விழும். மரைகளும் ஒரே ஜாதியாக இருத்தல் அவசியம். 25 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றினும், 25 மில்லிமீட்டர் வால்வை முக்கால் அங்குலக் கழுத்தில் திருகினால் அழுத்தம் தாங்காமல் அது பீறிட்டுப் பறந்துவிடக்கூடும்.

அடுத்தது அழுத்தமும் அளவும். நடு வால்வு திறந்திருக்கையில் இரு பக்கமும் அழுத்தம் சமமாகவே நிற்குமாதலால், இரண்டில் எது குறைந்த அழுத்தம் தாங்குமோ அதுவே ஜோடியின் எல்லை. பலரும் உபயோகிக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடங்கும் காற்று ஏறக்குறைய 2,200 லிட்டர். மற்றொன்று 9 லிட்டரே கொள்வதானால், அழுத்தமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, நிறைந்த நிலையிலேயே பெரியதில் கசிவு கண்டு நடு வால்வை மூடினாலும் கையில் எஞ்சுவது 1,800 லிட்டர்தான். பாதி மிஞ்சும் என்று போட்ட கணக்கு, பிசகக் கூடாத இடத்தில் பிசகிப்போகிறது.

எடையின் விஷயமும் அப்படியே. இந்த அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஜலத்தில் அமிழும், காலியானபின் மிதக்கும். எஃகுச் சிலிண்டர்களில் பெரும்பாலானவை காலியான பின்பும் அமிழ்ந்தே இருக்கும். இவ்விரு உலோகங்களையும் ஜோடி சேர்த்தால் சரீரம் ஒரு பக்கமாகப் புரண்டுகொண்டே இருக்கும். துடுப்புக் கால் வண்டலைக் கிளறி, திரும்பும் வழியையே மறைத்துவிடும்.

இவை அனைத்துக்கும் சாட்சி சிலிண்டரின் தோளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது: செய்தவர் பெயர், உலோகத்தின் குறி, அழுத்த எல்லை, வரிசை எண், பரீட்சித்த மாதமும் வருஷமும். அமெரிக்க விதிப்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நீரழுத்தப் பரீட்சை நடைபெற வேண்டும். தேதிகள் வேறுபட்டால் ஒரே ஜோடியை இருமுறை கழற்றிப் பூட்ட நேரும். 6351 என்னும் பழைய அலுமினியக் கலவையில் கழுத்தருகே விரிசல் காண்பதுண்டாதலால், 1980-களின் இறுதிக்கு முற்பட்ட அலுமினியச் சிலிண்டர்களை ஒதுக்கிவிடுவதே விவேகம்.

ஆகவே ஜோடி சேர்க்க விரும்புவோர், ஒரே கம்பெனியில் ஒரே சமயத்தில் செய்த இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பழையவற்றை வாங்க நேர்ந்தால் தோளிலுள்ள குறிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, சமதரையில் அருகருகே நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். ஏதேனும் ஒன்றில் சந்தேகம் எழுந்தால், தக்கவரிடம் பரீட்சித்துத் தேறியவற்றைத் தனித்தனியே உபயோகியுங்கள். ஜோடியாக மட்டும் பூட்டாதீர்கள்.