பைன் மரம் தந்த பூஜ்யம்

திண்டுக்கல் வாசகர் ஒருவரின் கடிதம்: "பத்து வருஷக் கார். பங்க்கில் போகும்போதெல்லாம் பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்கிறார்கள். மைலேஜ் கூடுமா?"

பெரும்பாலான கார்களுக்குக் கூடாது. பிரீமியத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஆக்டேன் எண், எவ்வளவு அழுத்தம்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது, அதிலுள்ள எரிசக்தியை அல்ல. எத்தனாலின் எண் 108-ஐ ஒட்டி வரும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சிறுவயதில் அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடிப்பது என் வேலை. கொஞ்ச நேரத்தில் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். இன்ஜினிலும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, பிஸ்டன் நெருக்க நெருக்கச் சூடேறுகிறது. ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேருமுன் ஓரத்தில் மிஞ்சிய கலவை தானே வெடித்தால், மேட்டில் கேட்கும் அந்த 'டக டக' சத்தம் வரும்.

1926-ல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இதற்கு அளவுகோல் வகுத்தார். நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100, சீக்கிரம் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0. அந்தப் பூஜ்யத்தின் பூர்வீகம்தான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். சுத்தமான ஹெப்டேனை அன்று கலிஃபோர்னியா மலைகளின் ஜெஃப்ரி பைன் மரப் பிசினிலிருந்து வடித்தார்கள். பட்டையை முகர்ந்தால் வெனிலா வாசம்! பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் பாண்டெரோசா பைன் என்று நினைத்து, 19-ம் நூற்றாண்டில் இந்தப் பிசினை டர்பன்டைன் காய்ச்சும் கலத்தில் ஊற்றினார்கள், கலம் வெடித்தது.

91 ஆக்டேன் என்றால், நூற்றுக்கு 9 பங்கு ஹெப்டேன் கலந்த ஐசோ ஆக்டேன் போல நடந்துகொள்ளும் என்று பொருள். 20 சதவீதம் எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோலே நம் நாட்டில் இப்போது 95. அதற்குமேல் கேட்பவை அதிகக் கம்ப்ரஷனோ டர்போவோ உள்ள சில இன்ஜின்கள்தான். உங்கள் கார் எதைக் கேட்கிறது என்பது கையேட்டில் இருக்கிறது. நம்மில் பலர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. டயரில் காற்று இறங்கிக் கிடக்க, லிட்டருக்குக் கூடுதல் காசு கொடுத்து 'நல்ல பெட்ரோல்' போடுகிறோம். எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒன்று மட்டும். குடும்பத்தோடு கொடைக்கானல் ஏறும்போது உங்கள் காரில் அந்த 'டக டக' சத்தம் கேட்டால், ஒரு டேங்க் பிரீமியம் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால், உள்ளே கரி படிந்து கம்ப்ரஷன் ஏறியிருக்கலாம். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லி, இன்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள்.